உப்புத் தொட்டியும் முத்திருளன் கையும்

முத்திருளன் தன் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டுப் பல வருசம் ஆகியிருந்தது. பெண்டாட்டி சோணையம்மாள்தான் பிசைந்து, உருட்டி, ஒவ்வொரு உருண்டையாக வட்டிலில் வைப்பாள். இவர் நுனி விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். பார்த்தவன் எவனாவது சிரித்தால், "ஓங் கையக் கொண்டா. ஒரு நாளைக்கி அந்தப் பவுடர்ல முக்கி எடுக்கேன். அப்பறமா சிரி" என்பார். அதற்குமேல் பேச்சு இருக்காது.

கை அப்படி. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, உள்ளங்கை வெடித்து, கோடைக் கண்மாய்த் தரை மாதிரிக் கிடக்கும். குழம்பில் பட்டால் உறைப்பு எலும்புவரைக்கும் போகும்.

ஊர் நொச்சிக்குளம். திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே, மலை ஒரு கைப்பிடி அளவாகத் தெரிகிற தூரம். ஊர்த் தண்ணீர் டேங்க்கைப் பார்த்துக்கொள்வது முத்திருளன் வேலை. கிணற்று மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மேலே ஏற்ற வேண்டும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அதில் ஊற்ற வேண்டும். விடிந்ததும் தெருக்குழாய்களுக்குத் திறந்துவிட வேண்டும். கேட்பதற்கு லேசான வேலைதான். பவுடர் மூட்டையைப் பிரித்தாலே கண் எரியும், தொண்டை கமறும். நாளானால் பவுடர் கட்டிபட்டுப் போகும். அந்தக் கட்டியைச் சிமெண்டுத் தொட்டியில் போட்டுக் கையால்தான் நசுக்கிக் கரைக்க வேண்டும். கையுறை ஒரு சோடி கொடுத்தார்கள். அதில் ஓட்டை விழுந்து, உள்ளே போன மருந்துத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கையை இன்னும் நன்றாக ஊறவைத்தது. கழற்றி எறிந்துவிட்டார்.

வேறு வேலைக்குப் போயிருக்கலாமே என்றால், போய்ப் பார்த்தவர்தான். செல்லூர்த் தறிப் பட்டறையில் மச்சினன் சேர்த்துவிட்டான். வெடித்த விரலில் நூல் மாட்டி மாட்டி அறுந்தது. சாயங்காலமே முதலாளி ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார். கையைக் கெடுத்த வேலையைத் தவிர வேறு எந்த வேலைக்கும் அந்தக் கை உதவாது என்று ஆகிப்போனது.

எண்பத்து நாலில் மிஷின் வந்தது.

மதுரையிலிருந்து அதைக் கொண்டுவந்து பூட்டியவன் நைனா முகமது. டவுன்காரன், மெக்கானிக், வாய் ஓயாதவன். டேங்க்குக்குக் கீழே இருந்த அறையில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வைத்து அதில் உப்புத் தண்ணீர் கரைத்தான். தொட்டியின் அடியிலிருந்து சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு குழாய் ஒரு பெட்டிக்குள் போனது. பெட்டிக்குள் தகடுகள். தகட்டுக்குக் கரண்டு.

"உப்பு, தண்ணி, கரண்டு. இம்புட்டுத்தேண்ணே. மருந்து இங்கனக்குள்ளயே ஊறிக்கிரும். இனிமே மூட்டை வராது" என்றான்.

"சாப்பாட்டு உப்பா?"

"நீங்க ஊறுகாய்க்குப் போடுற அதே கல்லுப்புத்தேன்."

சுவிட்சைப் போட்டதும் பெட்டிக்குள் கோலி சோடா உடைத்த மாதிரி நுரை கிளம்பியது. மறுபக்கம் சொட்டிய தண்ணீரை முகர்ந்து பார்த்தார். அதே பவுடர் வாடைதான், ஆனால் மூக்கில் அறையவில்லை. அது சொட்டுச் சொட்டாக டேங்க்குக்குப் போய்ச் சேர்ந்தது. நைனா தெருக்குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் பிடித்து, சின்னச் சீசாவிலிருந்து மருந்துச் சொட்டு விட்டான். தண்ணீர் மஞ்சளாகியது. மஞ்சள் வந்தால் கிருமி செத்தது என்று அர்த்தம். வராவிட்டால் வெறும் கிணற்றுத் தண்ணீர்.

"சோதனைக்குத்தேன் வச்சிருக்காக. மஞ்ச ஒழுங்கா வந்தா மிஷின் இங்க இருக்கும். வரலேன்னா கழட்டி வேற ஊருக்குக் கொண்டுபோயிருவாக. ஒங்களுக்குப் பழைய மூட்டைதேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

மூட்டை நின்றது. முத்திருளன் கை ஆற ஆரம்பித்தது. முதலில் எரிச்சல் நின்றது, அப்புறம் வெடிப்பு மூடியது, அப்புறம் சிவப்பாகப் புதுத்தோல் வந்தது. கதை இதோடு முடிந்திருக்க வேண்டியது. சோணையம்மாளுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது, அதனால் முடியவில்லை.

அந்தப் பக்கத்தில் தோல் வியாதி வந்தால் அம்மனுக்கு உப்பும் மிளகும் போடுவார்கள். மருவோ, பாலுண்ணியோ, சிரங்கோ, உப்பு கரைகிற மாதிரி கரைந்துபோக வேண்டும் என்று கும்பிட்டுக் கோவில் ஊருணியில் போடுவது வழக்கம். அந்த வருசம் ஊருணியில் தண்ணீர் இல்லை. காய்ந்த மண்ணில் உப்பைப் போட்டால் எங்கே கரையும்? புருசனுக்குக் கஞ்சி கொண்டுபோன இடத்தில் தொட்டி நிறைய உப்புத் தண்ணீரைப் பார்த்தாள் சோணையம்மாள். வெள்ளிக்கிழமை உப்பையும் மிளகையும் முந்தானையில் முடிந்து கொண்டுபோய் அதில் போட்டுக் கும்பிட்டுவிட்டாள். மிஷின் வந்து அப்போது சில நாள்தான் ஆகியிருந்தது.

கை ஆறியது. ஊர் பார்த்தது. எதனால் ஆறியது என்று சோணையம்மாளைக் கேட்டது. அவள் பொய் சொல்கிறவள் இல்லை, தான் நம்பியதைச் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைகளில் டேங்க் அறை வாசலில் பெண்கள் நின்றார்கள். எதிர்வீட்டு அன்னக்கொடி, முகமெல்லாம் பாலுண்ணி பூத்த தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலாவதாக நின்றாள். முத்திருளன் தடுக்கவில்லை. தொட்டிக்கு எப்படியும் உப்பு வேண்டும், கொண்டுவந்து போடட்டுமே என்று இருந்துவிட்டார். மிதக்கிற மிளகை டீ வடிகட்டியால் அள்ளி வெளியே போட்டார். ஊறிய மிளகு மிதக்காது என்பது அவர் புத்தியில் படவில்லை.

நைனா அடுத்த தடவை வந்து கண்ணாடிக் குழலில் சொட்டு விட்டான். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பெட்டியைப் பார்த்தான், நுரை இல்லை. குழாயைக் கழற்றித் தரையில் தட்டினான். கறுப்பாக, உப்பிப்போய், மிளகு மிளகாகக் கொட்டியது.

"என்னண்ணே இது? மிஷினுக்கு ரசம் வச்சுக் குடுக்கீகளா?"

"வேண்டுதல் தம்பி."

"யாருக்கு? மிஷினுக்கா?"

"எங் கைக்கு."

நைனா சிரிக்க வாயைத் திறந்தவன், புதுத்தோல் சிவந்த அந்தக் கையைப் பார்த்து மூடிக்கொண்டான். குழாயை ஊதிச் சுத்தம் பண்ணிக்கொண்டே சொன்னான்: "வெள்ளிக்கிழமை காலையில வாரேன். ஜும்மா தொழுகைக்குள்ள நான் ஊரு திரும்பணும். அன்னைக்கும் மஞ்ச வரலேன்னா ஆபீசுல கழட்டச் சொல்லிட்டாகண்ணே. ஸ்பேனரும் கையுமா நாந்தேன் கழட்டணும். எம்மேல வருத்தப்படாதீக."

"வெள்ளிக்கிழமையா?"

"ஏன், ஒங்களுக்கு அன்னைக்கி ஜோலியா?"

"எனக்கில்ல. ஊருக்கு."

அன்று சாயங்காலமே ஒரு பூட்டு வாங்கி அறையில் போட்டார். அதை முதலில் பார்த்தவள் அன்னக்கொடி. தெருவே கேட்கப் பிடித்துக்கொண்டாள்.

"இவுக கை ஆறிருச்சு, கதவச் சாத்திட்டாக! எம் மக மூஞ்சியப் பாருங்கண்ணே. நாளைக்கி இவள எவன் கட்டுவான்? சாமிக்குப் பூட்டுப் போட்ட ஆளு நீங்க ஒருத்தர்தேன்!"

முத்திருளன் வீட்டுக்குள் வந்தார். சோணையம்மாள் அடுப்படியில் இருந்தாள்.

"அவகிட்ட நீ சொல்லு" என்றார்.

"என்னன்னு சொல்ல?"

"பவுடரத் தொடாததுனாலதேன் கை ஆறுச்சுன்னு சொல்லு."

"அப்ப நான் போட்டது?"

இத்தனை வருசம் உருண்டை பிடித்துக் கொடுத்தவளிடம் உன் கும்பிடு ஒன்றும் செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"எதுனால ஆறுச்சோ எனக்குத் தெரியாது. மூட்டை வந்தா மறுபடி வெடிக்கும், அது தெரியும். வெடிச்சா ஊரு என்னயப் பேசாது. ஒன் வேண்டுதலத்தேன் பேசும்."

சோணையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உப்புக் கரையத் தண்ணி வேணும், அம்புட்டுத்தேன். ஊருணியில தண்ணி கெடந்தா ஒங்க மிஷின நான் ஏன் சீண்டப் போறேன்?"

முத்திருளன் எழுந்து போனார். டேங்க் அறைக்குப் பின்னால், பவுடர் கரைக்கிற பழைய சிமெண்டுத் தொட்டி குப்பையோடு கிடந்தது. அதைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். புதுத்தோல் வந்த கையால் அதைத் தொடவே அவருக்குக் கூசியது. உருட்டிக்கொண்டுவந்து அறை வாசல் வேம்படியில் வைத்துத் தண்ணீர் நிரப்பினார். பிறகு உள்ளே போய், மிஷின் தொட்டியைக் காலி பண்ணி, பழைய வேட்டியில் வடிகட்டிய உப்புத் தண்ணீரை ஊற்றினார். நுரை கிளம்புகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

வெள்ளிக்கிழமை பெண்கள் வந்தார்கள். அறை பூட்டியிருந்தது. வெளியே தொட்டி.

அன்னக்கொடி எட்டிப் பார்த்தாள். "பவுடர் தொட்டியில்ல இது? இவுக கையத் தின்ன தொட்டி. இதுலயா ஆத்தாளுக்குப் போடுறது?"

மற்றவர்களும் கையிலிருந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. பஸ் வந்து நின்று புறப்படுகிற சத்தம் கேட்டது. பையும் ஸ்பேனருமாக நைனா வரப்பு வழியே வருவது தெரிந்தது.

சோணையம்மாள் முன்னால் வந்து புருசனின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். அத்தனை பேர் பார்க்க, அந்தக் கையைச் சுற்றி உப்பையும் மிளகையும் சுற்றினாள். முத்திருளன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மரத்தைப் பார்த்தார்.

"எந்தத் தொட்டி இந்தக் கையக் கெடுத்துச்சோ, அந்தத் தொட்டியிலயே கரையட்டும்" என்று சொல்லிப் போட்டாள்.

அன்னக்கொடி அந்தக் கையை உற்றுப் பார்த்தாள். பிறகு மகளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை.

நைனா கூட்டத்தை ஒதுங்கிக் கடந்து, நேராகத் தெருக்குழாய்க்குப் போனான். குழலில் தண்ணீர் பிடித்தான், சொட்டு விட்டான், வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். முத்திருளன் குழலைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே."

"சொல்லு."

"மஞ்சத்தேன். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவலாம் போல."

ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கிளம்பும்போது வேம்படித் தொட்டிப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் கழுத்துல ஒரு மரு இருக்குண்ணே" என்றான்.

"உப்பு நான் தாரேன். மிளகு நீ கொண்டா" என்றார் முத்திருளன். நைனா சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினான்.

மிஷின் நொச்சிக்குளத்திலேயே இருந்தது. தகட்டில் சுண்ணாம்பு படியும், கரண்டு போகும், ஒவ்வொன்றுக்கும் நைனாவைத் திட்டிக்கொண்டே ஓட்டினார் முத்திருளன். அன்னக்கொடி மகளுக்குப் பாலுண்ணி உதிர்ந்தது. தானாகவே உதிர்கிற வியாதி அது என்றார்கள் சிலர். அன்னக்கொடியிடம் போய் அதை யாரும் சொல்லவில்லை. தொட்டித் தண்ணீர் வழிந்து வழிந்து வேம்புதான் ஒரு பக்கம் பட்டுப்போனது. தொட்டியை நகர்த்தி, தண்ணீர் ஓடைக்குப் போகிற மாதிரி வாய்க்கால் வெட்டினார்.

நைனா வந்துபோன அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், சோணையம்மாள் வட்டிலில் சோற்றைப் போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றி, பிசையக் கையை நீட்டினாள். முத்திருளன் வட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஐந்து விரலையும் குழம்பில் வைத்துப் பிசைந்தார்.

"எரியுதா?"

"இல்ல."

"பாத்தீகளா?" என்றாள்.

அவர் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.