விளிம்புவரை தண்ணீர்

நாயைப் பழக்கக் கூப்பிட்ட வீட்டுக்குள் நுழைந்ததும் மாஸ்டர் நாயைப் பார்ப்பதில்லை. நாய் கட்டும் வாரின் கொக்கியைத் தன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, மறுமுனையை வீட்டுக்காரரிடம் நீட்டிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வார். "பிடிங்க சார். இப்ப நான்தான் நாய். பயப்படாதீங்க, தடுப்பூசியெல்லாம் போட்டாச்சு."

இரண்டே நிமிடத்தில் வீட்டுக்காரரின் வண்டவாளம் முழுக்க, அவர் இழுக்கிற இழுப்பில் வார் வழியாக மாஸ்டரின் இடுப்புக்கு வந்து சேர்ந்துவிடும்.

எல்லா நாய்க்கும் ஒரே பாடம் என்பது அவரிடம் கிடையாது. பயந்து சுருளும் நாய் என்றால் தரையில் உட்கார்ந்து அதற்கு முதுகைக் காட்டுவார். துள்ளுகிற நாயின் வாயில் செய்தித்தாளைக் கொடுத்து உத்தியோகத்தில் அமர்த்துவார். வளர்ப்பவருக்கும் அப்படியே. குரலே எழும்பாத ஓர் அம்மாளிடம், "உங்க நாத்தனார்கிட்ட சொல்லணும்னு நினைச்சதையெல்லாம் இதுகிட்ட சொல்லுங்க" என்றார். நாய் ஐந்து நிமிடத்தில் அடங்கி உட்கார்ந்துவிட்டது. அம்மாள் அடங்கத்தான் ஒரு மணி நேரம் ஆயிற்று.

மாஸ்டருக்கே சோதனை வந்தது எங்கள் எதிர்வீட்டில். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீடு அது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்த கை, சொந்த நாய்க்கு முன்னால் நடுங்கியது. அதை அவர் ஒப்புக்கொள்ளவும் மாட்டார். கேட் திறந்தால் போதும், நாய் என்ன செய்யுமோ என்று வாரை இறுக்குவார். ஏதோ ஆபத்து என்று நாயும் பாயும். தபால்காரரின் கணுக்காலில் நான்கு தையல்.

"இன்னைக்கும் யாரையாவது கடிச்சுதுன்னா, நாளைக்கு டாக்டர் வந்து ஊசி போட்டு முடிச்சுடுவார் மாஸ்டர்" என்றார் தலைமையாசிரியரின் மனைவி. நாய் அப்போது அவர் பாதத்தில்தான் தலையை வைத்துப் படுத்திருந்தது.

"சார்கிட்ட பயம்னு சொன்னா வேலைக்காகாதும்மா. பரீட்சைதான் வைக்கணும்" என்று மாஸ்டர் கிசுகிசுத்தார். டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் கேட்டு வாங்கினார். "வாரை மணிக்கட்டுல மாட்டிக்குங்க சார். அதே கையில டம்ளர். ஒரு சொட்டு சிந்தினாலும் ஃபெயில்."

ஆயுளில் ஃபெயிலாகாத மனிதர் தண்ணீரை முறைத்தார்.

கேட்டைத் திறந்து வர ஓர் ஆள் வேண்டும். தபால்காரர் மாட்டவே மாட்டேன் என்றார். தெருவில் என்னையும் சேர்த்து எல்லோருக்கும் திடீரென்று தலைபோகிற வேலை வந்துவிட்டது. மாஸ்டரே தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. "பழைய நாலுகால் மாணவன் ஒருத்தன் போட்ட கையெழுத்து" என்பார். அந்தக் கையைப் பைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. நாயின் பிடரி மயிர் நின்றது. தொண்டைக்குள் ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. மாஸ்டர் ஓர் அடி வைத்தார். எங்கள் வீட்டு மாடிப்படியில் பத்திரமாக நின்றிருந்த நான் இன்னும் இரண்டு படி ஏறினேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டார். தலைமையாசிரியர் மட்டும் தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வார் தளர்ந்தே தொங்கியது.

இன்னோர் அடி. நாய் தன் எஜமானரை அண்ணாந்து பார்த்தது. வாரில் இறுக்கம் வரவில்லை. மாஸ்டரின் முழங்காலை மோந்தது. வெகுநேரம் மோந்தது. பிறகு உட்கார்ந்தது.

"ஒரு சொட்டு சிந்தலை" என்றார் தலைமையாசிரியர், கடிக்காமல் இருந்ததே தான்தான் என்பதுபோல.

"நூத்துக்கு நூறு சார்" என்று டம்ளரை வாங்கிய மாஸ்டர், குடிக்க வாயருகே கொண்டுபோனார். பாதித் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது.