மக்காச்சோளக் கொல்லையில் கோரை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நிறைய மறந்தும் போகிறது. எந்த வருஷம் என்று கேட்டால், எழுபதுக்கு முன்னாலா பின்னாலா என்றுகூடத் தடுமாறுவேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

திருவான்மியூரில் கோயிலைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகிற வழியில் எங்கள் கொல்லை இருந்தது. எங்கள் கொல்லை என்று வாய்தான் சொல்கிறது. நிலம் அபிராமபுரத்துக்காரர் ஒருவருடையது. என் மாமனார் காலத்திலிருந்து குத்தகைக்குச் செய்துவந்தோம். மணல் கலந்த மண். மண்ணை மேடாக இழுத்துப் பார் பிடித்து வரிசை வரிசையாக மக்காச்சோளம் போடுவோம். கதிர் பால் ஏறினதும் ஒடித்துக் கோணியில் கட்டிவைத்தால், அடையாறு கடற்கரையில் கரி அடுப்பில் சுட்டு விற்கிறவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். வேறு பிழைப்பு எங்களுக்குத் தெரியாது.

சோளம் நிமிர்வதற்குள் களை எடுத்தாக வேண்டும். குப்பத்துப் பெண்கள் வருவார்கள். பருப்புக்கீரை மாதிரி மேலோட்டமான களையைக் கையால் பிடுங்கிப் போடுவார்கள். கோரையை மட்டும் அப்படி இழுக்க மாட்டார்கள். களைக்கொட்டால் ஆழமாகக் கிளறி, அடியில் இருக்கிற கிழங்கோடு எடுப்பார்கள். அந்தக் கிழங்கு அவர்களுக்குச் சொந்தம். கூலி தனி, கிழங்கு தனி, அது எங்கள் பக்கத்து வழக்கம். மடியில் கட்டிக்கொண்டு போய்க் காயவைத்து, மயிலாப்பூரில் நாட்டு மருந்துக் கடையில் போடுவார்கள். குளிக்கிற பொடியில் வாசனைக்குச் சேர்க்கிற சரக்கு அது. கிழங்குக்காக அவர்கள் தோண்டினார்கள், எங்கள் களை அதோடு போயிற்று. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது என்பது அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு போகத்துக்கு உரம் வாங்க ராயப்பேட்டைக்குப் போன என் வீட்டுக்காரர், களை மருந்து ஒன்றும் வாங்கி வந்தார். சோளத்துக்கு ஒன்றும் ஆகாதாம், களை மட்டும் கருகுமாம். மருந்தடிக்கிற பம்ப்பை இரவல் வாங்கி அவரே முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தார். களை எடுக்கக் கூப்பிடவில்லையே என்று கேட்க வந்த குப்பத்து அக்கா ஒருத்தி வரப்பில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"இன்னா தங்கச்சி, களைக்கெல்லாம் டாக்டர் வந்துகீறாரு. இனிமே எங்களுக்கு லீவுதான் போல."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அந்தப் போகம் கொல்லை பெருக்கி விட்டதுபோல இருந்தது. பருப்புக்கீரை, நாயுருவி எல்லாம் முறுக்கிக்கொண்டு செத்தன. கோரையும் மேலே பழுத்துக் கருகியது. நிலத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, கோலம் போட்ட மாதிரி வைத்திருக்கிறாய் என்று மெச்சிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குப் பிடிபடாத சந்தோஷம்.

அடுத்த போகத்தில் மற்றக் களை எதுவும் இல்லை. கோரை மட்டும் வந்தது. மற்றது விட்ட இடத்தையும் அதுவே பிடித்துக்கொண்டு, சோளம் முளைப்பதற்கு முன்னாலேயே ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு நின்றது. மருந்து அடித்தார். நுனி கருகியது, கொஞ்ச நாளில் பக்கத்திலேயே புது ஊசி வந்தது. மருந்தை இன்னும் கெட்டியாகக் கலந்து அடித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை, சொன்னாலும் வேறு வழி காட்டத் தெரியாது. சோளம்தான் அடிபட்டது. தண்டு சாய்ந்து, காற்றில் சுண்ணாம்புக்குச்சி மாதிரி மளுக் மளுக்கென்று ஒடிந்தது. கோரை பச்சையாக நின்றது.

நிலத்துக்காரர் மறுபடி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்:

"ஆத்துல பசங்க மனை போட்டு வித்துடலாம்ங்கறா. நான்தான் வேண்டாம் வேண்டாம்னுண்டு இருக்கேன். அடுத்த போகமும் இப்படின்னா நான் என்னத்தைச் சொல்லி அவாளை நிறுத்தறது, நீயே சொல்லு."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். நிலத்துக்காரர் போன பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே குப்பத்துக்குப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டார். முன்னால் கூப்பிடாததை மனசில் வைக்காமல் வந்தார்கள். குனிந்த முதுகு நிமிராமல் தோண்டினார்கள். மடி கொள்ளாத கிழங்கு. எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்த அக்கா தனியாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கடைக்காரரு கெழங்க மோந்து பாத்துட்டு அப்டியே திருப்பிக் குடுத்துட்டாரு. மருந்து வாடை அடிக்குதாம். ஒடம்புல தேச்சுக் குளிக்கிற சாமான், வாணாம்னுட்டாரு."

"கூலியைச் சேர்த்துத் தரச் சொல்றேன் அக்கா."

"கூலிக்குன்னா மேலாக்க புடுங்கிட்டுப் போலாம். அவ்ளோ ஆழம் தோண்டறதுக்கு எங்களுக்கு இன்னா கீது? நீயே சொல்லு."

 மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் பெண்கள் வரவில்லை. அடுத்த போகத்துக்குச் சோளம் போட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும்தான் தோண்டினோம். ஒரு கிழங்கைப் பிடித்து இழுத்தால் நூல் மாதிரி ஒரு வேர் வரும், அதன் முனையில் இன்னொரு கிழங்கு இருக்கும். பாதியில் நூல் அறுந்துவிட்டால் மீதி எந்தப் பக்கம் போனது என்று தெரியாது. ஒரு பாரை முடித்துத் திரும்பினால் பழைய பாரில் முளைத்திருக்கும். ஒருநாள் அவர் களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடிச்சாலும் வருது, நோண்டினாலும் வருது. நான் இன்னாத்த பண்றது?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, கோரையைப் பார்த்துக் கேட்டார். மழை பிடித்துக்கொண்டதும் தோண்டவும் முடியாமல் போனது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அது வளர்ந்தது.

அந்தப் போகத்துக் கதிரில் பாதிக்கு மணி பிடிக்கவில்லை. கடற்கரைக்காரர்கள் உரித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறோம் என்று போனார்கள். வரவில்லை.

தை கழிந்து மனைக்கல் நட ஆட்கள் வந்தார்கள். அவர்கள் அளந்து குறி போட்ட இடத்தில் என் வீட்டுக்காரர் போய்க் குந்தி, அங்கே இருந்த கோரையைக் கிழங்கோடு எடுத்துத் தூரப் போட்டார். அப்புறம்தான் கல்லை நட்டார்கள்.  அடுத்த வாரமே தி.நகரில் ஜவுளிக்கடை ஒன்றில் மூட்டை இறக்குகிற வேலைக்குப் போனார். கொல்லையைப் பற்றி வீட்டில் பேச மாட்டார்.

ஒன்று மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை. கோரை அந்த மருந்துக்குப் பழகிவிட்டதா, இல்லை முதலிலிருந்தே மருந்து கிழங்கு வரைக்கும் எட்டவே இல்லையா? என் வீட்டுக்காரரும் அது தெரியாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மருந்தின் பெயரும் எனக்கு நினைவில்லை. பயிர் விஷயம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்து, நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் அதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.