இரண்டு டிக்கெட்டாக வாங்கிய பயணம்

1993 டிசம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மீனம்பாக்கம் விமான நிலையத்தில், கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் மூடி, மரியாதையாக என் பக்கம் தள்ளி வைத்தாள்.

“இந்த டிக்கெட்ல உங்களை ஏத்த முடியாது சார். நடுவுல எறங்குற ஊருக்கு டிரான்ஸிட் விசா வேணும்.”

நான் சிரித்தேன். விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் அடுத்த விமானம் ஏறுகிற பயணிக்கு அந்த நாட்டில் விசா வேண்டியதில்லை. அந்த விதியை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அதை அவளுக்கு ஒப்பித்தேன். அவள் முழுவதும் கேட்டாள்.

“ரூல் கரெக்டுதான் சார். ஆனா உங்ககிட்ட ரெண்டு கம்பெனியோட ரெண்டு தனி டிக்கெட் இருக்கு. பெட்டி அந்த ஊர் வரைக்கும்தான் போகும். நீங்க வெளிய போய், பெட்டியை எடுத்துட்டு வந்து, மறுபடியும் போடணும். வெளிய போகணும்னா விசா.”

என் மனைவி ஞானம் என்னைப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருடம் ஆவடித் தொழிற்சாலை அலுவலகத்தில் மற்றவர்களின் காகிதங்களில் குறை கண்டுபிடித்தவன் நான். என் காகிதத்தில் ஒருவர் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. கவுண்டர் பெண் சொன்னது முழுக்கச் சரி என்பதுதான் தாங்க முடியவில்லை.

எங்கள் ஒரே மகள் பிரேமா கனடாவில் டொராண்டோவில் இருக்கிறாள். இரண்டு கர்ப்பம் கலைந்து, மூன்றாவது நிலைத்திருந்தது. மாதக்கணக்கில் படுக்கையிலேயே இருந்தாள். அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். “அம்மா, என்னை உள்ளே கொண்டுபோகும்போது நீ பக்கத்தில் நின்றால் போதும்” என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தில் அப்பாவுக்கு என்று ஒரு வரி இருந்தது: அப்பாவுக்கு என் வணக்கம்.

அந்த ஒரு வரிக்குக் காரணம் நான்தான். ஆறு வருடத்துக்கு முன்பு, தான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டு அவள் புறப்பட்டபோது நான் சண்டை போடவில்லை. அவளுடைய விண்ணப்பப் படிவங்களை வாங்கி, நான்கு பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, “பெரிய எழுத்தில் எழுது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். விமான நிலையத்துக்குப் போகவில்லை. நான் அவளிடம் நேரில் பேசிய கடைசி வார்த்தை, பெரிய எழுத்தில் எழுது என்பதுதான். அதற்குப் பிறகு வந்த கடித உறைகளில் எல்லாம் முகவரி பெரிய எழுத்தில்தான் இருந்தது.

இரண்டு டிக்கெட் எதற்காக என்று கேட்பீர்கள். எங்கள் பிரிவில் வெளியூர் டியூட்டிக்குப் போகிறவர்களுக்கு ரயில் வாரண்ட், அதாவது ஸ்டேஷனில் காட்டி டிக்கெட் வாங்கிக்கொள்ளும் ஆபீஸ் சீட்டு, எழுதிக் கொடுப்போம். நடுவில் வண்டி மாறுகிறவர்களுக்கு ஒரே வாரண்டாக எழுத மாட்டேன். மெட்ராஸிலிருந்து நாக்பூருக்கு ஒன்று, நாக்பூரிலிருந்து ஜபல்பூருக்கு இன்னொன்று. முதல் வண்டி தவறினாலும் இரண்டாவது காகிதம் கெடாது. பிரிவில் இதற்கு என் பெயரையே வைத்திருந்தார்கள். அதே புத்தியோடுதான் டொராண்டோவுக்கும் இரண்டாக வாங்கினேன். ரயிலில் நம் பெட்டி நம் காலடியில் வரும் என்பதும், விமானத்தில் அது நம்மை விட்டுத் தனியாகப் பயணம் செய்யும் என்பதும் அந்தப் புத்திக்குத் தெரியவில்லை.

டிக்கெட் போட்ட தனபால் எச்சரிக்கத்தான் செய்தான். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சியில் அவனுக்கு வேலை. ஒரே கம்பெனியில், ஒரே டிக்கெட்டாக, பெட்டி நேராக டொராண்டோ வரைக்கும் போகிற மாதிரி போடலாம், வெயிட்டிங் லிஸ்டில்தான் கிடைக்கும் என்றான். வெயிட்டிங் லிஸ்டை நம்பி நான் இதுவரை ஒரு வாரண்டும் எழுதியதில்லை என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

தனபாலின் வாயை நான் அடைத்தது அது முதல் தடவையும் இல்லை. ஒரு காலத்தில் அவன் எங்கள் ஆபீசில் தற்காலிக குமாஸ்தா. அவனுடைய வேலை நீட்டிப்பு மனுவில் ஒரு சான்றொப்பம் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அவன் ஓடி அலைந்து அதை வாங்கி வருவதற்குள் கெடு முடிந்து, வேலை போய்விட்டது. விதிப்படி நான் செய்தது சரி. அன்று மத்தியானம் வழக்கம்போல் சாப்பிட்டேன்.

டாக்ஸியில் ஆவடிப் பக்கம் சேக்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்களை முன்னால் நிறுத்தி, கை வைத்து ஜெபித்து, வழியனுப்பியிருந்தார்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் முனுசாமி டாக்ஸியைப் பார்த்துக் கரண்டி நெருப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

“இன்னா சார், கனடா அவ்ளோ கிட்டயா கீது?”

ஞானம்தான், “பேப்பர்ல ஒரு தப்பு, முனுசாமி” என்றாள். “சார் பேப்பர்லயா?” என்று அவன் கேட்டது கேலியாக இல்லை, நிஜமான அதிர்ச்சி. அது இன்னும் வலித்தது.

வீட்டில் சமைக்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் காலி செய்துவிட்டுப் போயிருந்தோம். பக்கத்துக் கடையில் அரிசி மட்டும் வாங்கி ஞானம் வடித்தாள். பெட்டியில் பருப்புப் பொடி இருக்கிறதே என்றேன்.

“அது பிரேமாவுக்கு” என்றாள். வெறும் சோறும் உப்பும் சாப்பிட்டோம். கயிறு கட்டிய இரண்டு பெட்டிகளும் கூடத்தில் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அந்த நாட்டின் தூதரக அலுவலகத்தில் டிரான்ஸிட் விசா கேட்டால் குறைந்தது பத்து நாள் ஆகும். கிறிஸ்துமஸ் நெருக்கம், விமானங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. திங்கட்கிழமைக்கு நடுவில் ஐந்து நாள்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த நடைமுறைகளை எல்லாம் வரிசையாக எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் திறக்கவில்லை.

நான் ஜெபிக்காதவன் அல்ல. ஒழுங்காக ஜெபிப்பேன். முதலில் விஷயம், பிறகு முந்தைய விண்ணப்பத்தின் விவரம், கடைசியில் வேண்டுகோள். “நீங்க ஜெபம் பண்றீங்களா, மனு போடுறீங்களா?” என்று ஞானம் கேட்பாள். புதன்கிழமை காலையில் அந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் முழங்கால் போட்டு, ஆண்டவரே, நாங்கள் வாங்கிய இரண்டு பயணச் சீட்டுகள் தொடர்பாக, என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. பெட்டிமேல் ஒட்டியிருந்த காகிதத்தில் என் மகளின் பெயரை நானே பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“என் பிள்ளையைப் பார்க்கணும்” என்றேன். அவ்வளவுதான். அதையே மறுபடி மறுபடி சொன்னேன். எனக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. அப்படி அழுததில்லை.

எழுந்தபோது மனதில் வெளிச்சமோ குரலோ வரவில்லை. தனபாலின் முகம் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஞானத்திடம் சொன்னேன். அவள், “சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்க” என்றாள்.

பஸ் பிடித்து அம்பத்தூர் ஓ.டி. போனேன். அவன் மேஜை முன்னால் நின்றேன். உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

“தனபால், நீ சொன்னது சரி. நான்தான் தப்பு” என்றேன். முப்பத்து மூன்று வருட சர்வீசில் இந்த வாக்கியத்தை நான் எங்கும் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தியபோது அது மிகச் சின்ன வாக்கியமாக இருந்தது. “அன்னிக்கு உன் மனு விஷயத்துலயும்” என்று சேர்த்தேன்.

அவன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தான். எங்கள் இரண்டு பேர் பெயர்களும் அதில் இருந்தன. சனிக்கிழமை விமானம். நடுவில் இறங்குவது அதே ஊர், அதே விமான நிலையம். ஆனால் ஒரே கம்பெனி, ஒரே டிக்கெட், பெட்டி நேராக டொராண்டோ. வெயிட்டிங் லிஸ்டில் நான்காவது, ஐந்தாவது இடம்.

“நீங்க அன்னிக்கு டிக்கெட் வாங்கிகினு போனதும் எனக்கு மனசு கேக்கல சார். உங்ககிட்ட வாதாட முடியுமா? சும்மா கெடக்கட்டும்னு போட்டு வெச்சேன்.”

ஏன் எனக்காக என்று கேட்டேன்.

“ஒரு கையெழுத்து இல்லன்னு என் பேப்பர் திரும்பி வந்துச்சு இல்ல சார், அன்னிக்கு ஆவடி பூரா அலைஞ்சேன். எவனாச்சும் எனக்காக ஒரு பேப்பரு தனியா எடுத்து வெச்சிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. அதான்.”

காகிதத்தின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. அது நவம்பர் மாதத் தேதி. நான் முழங்கால் போட்ட புதன்கிழமைக்கு இருபது நாள் முந்தியது.

மனு வருவதற்கு முன்பே பதில் எழுதப்பட்டிருந்தால், எங்கள் ஆபீசில் அந்தக் கோப்பை நான் ஆட்சேபணையோடு திருப்பி அனுப்புவேன். அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு டிராவல் ஏஜென்சியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தனபால் நம் சபையைச் சேர்ந்தவன் அல்ல; வெள்ளிக்கிழமை தவறாமல் மாங்காட்டுக் கோயிலுக்குப் போகிறவன். ஆண்டவர் யார் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பதில் என் விதிமுறைகளைக் கேட்பதில்லை என்று தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு டெலிபோனில் தனபால் கூப்பிட்டான். ஒரு சீட்டுதான் கிடைத்தது.

யார் போவது என்று யோசிக்கவே இல்லை. ஞானம்தான் பயந்தாள். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. “அந்த ஊர்ல பாத்ரூம் எங்கன்னு கேக்கக்கூட எனக்குத் தெரியாதுங்க” என்றாள். அவளுக்காக விதிகளை எழுத உட்கார்ந்தேன். ஒன்பது பக்கம் வந்தது. படித்துப் பார்த்தேன். கிழித்தேன். ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினேன்: நான் டொராண்டோ போகிறேன். நான் வெளியே வரவில்லை. தயவுசெய்து என் அடுத்த விமானத்தைக் காட்டுங்கள்.

சனிக்கிழமை அதே கவுண்டர். அதே பெண். டிக்கெட்டைப் பார்த்தாள், பெட்டிக்கு டொராண்டோ என்று சீட்டுக் கட்டினாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஞானம் உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஆறு வருடத்துக்கு முன்பு பிரேமாவும் இதே வழியாகத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிருப்பாள். பார்த்த இடத்தில் நான் இல்லை.

அந்த மூன்று நாளும் வீட்டில் தனியாக இருந்தேன். இரண்டாவது பெட்டி கூடத்திலேயே நின்றது. அதைப் பிரிக்க மனம் வரவில்லை. பார்க்கணும் என்று கேட்டேன், பார்க்கக் கிடைத்தது ஞானத்துக்கு. பாதி பதில்தானா ஆண்டவரே என்று கேட்டேன். மறைக்க விரும்பவில்லை, கோபமாகத்தான் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை எதிர்வீட்டில் கூப்பிட்டார்கள். ஓடினேன். பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்று ஞானம் சொன்னாள். நடுவில் இறங்கிய ஊரில் அட்டையை நீட்டியிருக்கிறாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கையைப் பிடித்து அழைத்துப்போய் அடுத்த விமானத்தின் வாசலிலேயே உட்கார வைத்துவிட்டாளாம். ஒன்பது பக்கம் தேவைப்படவில்லை. பிறகு போன் கை மாறியது. மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“அப்பா.”

என்ன பேச வேண்டும் என்று ஆறு வருடமாக எனக்குள் எழுதித் திருத்தி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. “வலிக்குதாம்மா?” என்றேன்.

“கொஞ்சம்.” பிறகு, “அம்மா மட்டும் வந்துட்டாங்க. நீங்க எப்பப்பா வருவீங்க?”

நான் கேட்டது பார்க்க வேண்டும் என்று. ஆனால் எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது இந்தக் கேள்விதான். அதை எப்படிக் கேட்பது என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். முதலில் வந்த பதில் பாதி அல்ல, அது முதல் தவணை.

மார்ச் மாதம் போனேன். ஒரே டிக்கெட். தனபால்தான் போட்டான், வெயிட்டிங் லிஸ்டில். நடுவில் இறங்கிய ஊரில் ஆறு மணி நேரம் கண்ணாடிச் சுவருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே பனி விழுந்தது. அந்த நாட்டுக்குள் போக எனக்கு அனுமதி இல்லை, போகவும் ஆசை இல்லை. என் பெட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாரோ அதை என் மகளின் ஊருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பெட்டிக்குக் கொடுத்த ரசீதைத் தடவிப் பார்க்கவில்லை. நாம் எல்லோரும் இந்த உலகத்தில் டிரான்ஸிட் பயணிகள் என்று இதை முடிக்க மாட்டேன்; அதை வைத்து நம் போதகர் ஏற்கெனவே மூன்று பிரசங்கம் செய்துவிட்டார்.

டொராண்டோவில் பிரேமா குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். நான் போகாத விமான நிலையத்துக்கு அவள் வந்திருந்தாள்.

இப்போது பட்டாபிராம், ஆவடிப் பக்கத்துப் பிள்ளைகள் படிவங்களைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுகிறார்கள். பார்த்துக் கொடுக்கிறேன். சிவப்பு மையை விட்டுவிட்டேன். பிழை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து நானே திருத்துகிறேன். எந்த நாட்டின் வழியாகப் போகிறீர்கள், பெட்டி எதுவரை போகிறது என்று முன்னாலேயே கேளுங்கள். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். அது என் அனுபவம் தருகிற புத்தி.

என் ஆண்டவர் தருகிற புத்தி வேறு. பிள்ளையோடு பேசாமல் இருப்பவர்களே, திரும்பி வந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களே, உங்கள் மனுவை அழகாக எழுத வேண்டாம். வேண்டியதை ஒரே வரியில் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். யார் முகம் மனதில் வருகிறதோ அவர் வீட்டுக்குப் போங்கள், பிடிக்காத முகமாக இருந்தாலும். உங்கள் பெயர் எழுதிய காகிதம் ஒன்று ஏதோ ஒரு டிராயரில் ஏற்கெனவே இருக்கிறது. தேதியைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள்.