சைதாப்பேட்டையில் நோரினின் சொந்தக்காரர்

அயர்லாந்தில், கார்க் நகரத்துக்கு வெளியே நாங்கள் குடியேறிய புதிதில், பக்கத்து வீட்டு நோரின் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் என்றேன். "அப்படியா! எங்கள் மைக்கேலும் மெட்ராஸில்தான் இருந்தார். தெரியுமா அவரை?" எந்தத் தெரு என்று நானும் அக்கறையாகக் கேட்டுவைத்தேன். மைக்கேல் அவருடைய தாத்தாவுக்கு அண்ணன் என்பதும், ரயில்வே வேலைக்குக் கப்பலேறி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. மந்தைவெளியில் என் அப்பாவைப் பார்க்க வருகிறவர்களும் இப்படித்தான். "பொண்ணு அயர்லாந்துலயா? நம்ம மச்சான் பையன் லண்டன்ல இருக்கான், பாத்திருப்பாளே" என்பார்கள்.

மைக்கேலிடமிருந்து கொஞ்ச காலத்தில் கடிதம் நின்றுபோனதாம். காய்ச்சலில் போய்விட்டார் என்று வீட்டில் ஒரு கதை, சாமியாராகிவிட்டார் என்று இன்னொரு கதை. நோரினுக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று அவர் மேஜையில் ஒரே ஒரு தட்டுதான். அந்தத் தனிமை தாங்காமல்தான் எழுபது வயதுக்குமேல் ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். மெல்போர்னில் ஒரு பெண்ணோடு பொருந்தியது. "நாங்கள் எல்லோரும் ஆஸ்திரேலியா வந்துவிட்டோம். சித்தப்பா மட்டும் வரமாட்டேன் என்று சைதாப்பேட்டையிலேயே இருக்கிறார்" என்று முகவரி கொடுத்த அந்தப் பெண், சித்தப்பாவிடம் சொல்லிவைக்கிறேன் என்றும் சொன்னாள். பொங்கலுக்கு நான் ஊருக்குக் கிளம்பியபோது நோரினும் கூடவே டிக்கெட் போட்டார்.

மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் போனோம். நோரின் மடியில் ஒரு கேக் டப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தார். சந்துக்குள் ஆட்டோ போகாததால் நடந்தோம். கதவைத் தட்டியதும் ஒருவர் தலையை மட்டும் நீட்டினார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல கறுப்பு.

"இன்னா வோணும்?"

"மைக்கேல்ராஜ் அங்கிள்?"

"நான்தான்."

"இவங்க அயர்லாந்துலேர்ந்து வந்திருக்காங்க. உங்களுக்குச் சொந்தம்."

மெல்போர்ன் பெண் ஒன்றுமே சொல்லிவைக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நோரினை ஏற இறங்கப் பார்த்தார். "சொந்தமா? இன்னாம்மா, வூட்டுல பங்கு கேட்டுக்கினு வந்துகீதா?"

என்ன சொல்கிறார் என்று நோரின் என் கையைப் பிடித்தார். பூசி மெழுகலாமா என்று யோசித்து, கடைசியில் உள்ளதைச் சொன்னேன். நோரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் நிச்சயம் எங்கள் குடும்பம்தான்! எங்கள் வீட்டில் சாவுக்கு வருகிறவர்கள்கூட முதலில் நிலத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்."

"இன்னாத்துக்குச் சிரிக்குது?" என்று மைக்கேல்ராஜ் சந்தேகத்தோடு வாசலைத் தாண்டி வெளியே வந்தார். வெயில் முகத்தில் அடித்ததும் அடுத்தடுத்துத் தும்மினார். மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றிய நோரினும் வெயிலைப் பார்த்துத் தும்மினார். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் தொடங்கினார். உள்ளேயிருந்து மைக்கேல்ராஜின் மனைவி ரோசி ஓடிவந்து, "ஐயே! எங்க மாமனாரும் வெயில்ல வந்தா இப்டித்தான் தும்முவாரு. யோவ், உள்ள கூப்புடுயா, உன் ரத்தம்தான்யா அது!" என்றார்.

டீ வந்தது. கேக் வெட்டப்பட்டது. "எங்க தாத்தா ரயிலு ஓட்டினாரு. எங்க ஆயாவக் கட்டிக்கினு இங்கயே தங்கிட்டாரு. ஊருல ஒத்துக்க மாட்டாங்கன்னு பயந்து லெட்டரே போடலியாம்" என்றார் மைக்கேல்ராஜ். நான் மொழிபெயர்த்தேன். நோரின் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால், சாகும்வரை தன் தாத்தா வாசலுக்கு எழுந்து போவார் என்றார். பிறகு, "எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலம் மைக்கேலுக்கு என்று தாத்தா ஒதுக்கி வைத்தது. விற்கவே விடவில்லை. எனக்குப் பிறகு அது உங்களுக்குத்தான். இதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

"ரோசி! பங்கு கேக்க வந்துச்சுன்னு பாத்தா பங்கு குடுக்க வந்துகீது!" மைக்கேல்ராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அங்க இன்னா வெளையும்?"

"புல்லு, அங்கிள்."

"புல்லா? மழை உண்டா?"

"வருஷம் பூரா."

"இங்க மழை பேஞ்சா ஆத்துத் தண்ணி வூட்டுக்குள்ள வருது. அதுக்கோசரம் பிளேன் வேற ஏறணுமா? அந்த நெலம் அங்கயே கெடக்கட்டும்மா. நம்ம பேரச் சொல்லி ஒரு மாடு மேயட்டும்."

இதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். என் பேத்தி யாராவது ஒருநாள் கார்க்கிலிருந்து வந்து மந்தைவெளியில் கதவைத் தட்டினால், அவளுக்கு யார் மொழிபெயர்ப்பார்கள் என்ற யோசனையில் இருந்ததால், நோரின் மிகத் தீவிரமாகத் தலையாட்டியதை நான் கவனிக்கவில்லை.

கார்க் திரும்பியதும் நோரின் ஒரு கன்றுக்குட்டி வாங்கிவிட்டார். பெயர் மைக்கேல்ராஜ். அவர் வாயில் அது 'மைக்கல்ராட்ஜ்'. ஞாயிற்றுக்கிழமைகளில் சைதாப்பேட்டையிலிருந்து வீடியோ அழைப்பு வரும். நோரின் கதவைத் தட்டி என்னைக் கூட்டிப்போவார்.

நேற்று நல்ல மழை. ஒரு கையில் குடையும் மறுகையில் போனுமாக நிலத்துக்குள் நின்றேன். "இன்னா நைனா, துன்னுட்டியா?" என்று கன்றைக் கேட்டார் மைக்கேல்ராஜ். நோரினுக்குச் சொன்னேன். "சாப்பிட்டான் என்று சொல்" என்றார். அதையும் சொன்னேன். அந்தப் பக்கம், போனுக்குள், சந்து முனையில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. கன்று அசையவில்லை. நான்தான் சட்டென்று ஈரப்புல்லில் ஓரமாக ஒதுங்கி, அந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றேன்.