அழிக்க மறந்த வெயில்

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனி. சரக்கு இருப்பைக் கேட்டால் ஏஐ பதில் சொல்கிற மாதிரி அவர்களுக்கு ஒரு சர்வர் செய்து கொடுத்திருந்தேன். இணையத்தில் கிடைக்கிற தொடக்க டெம்ப்ளேட்டை எடுத்து, கம்பெனி டேட்டாவை இணைக்கவே மூன்று வாரம் ஆனது.

அந்த டெம்ப்ளேட்டோடு மாதிரிக்கு ஒரு வானிலைக் கருவியும் வரும். எந்த ஊரைக் கேட்டாலும் ‘நல்ல வெயில்’ என்று மட்டும் சொல்லும். அதை அழிக்க மறந்துவிட்டேன்.

இன்று மதியம் போர்மேன் கூப்பிட்டார்.

“ஏம்மா, வெயிலுன்னு சொல்லுச்சேன்னு பூச்சட்டிப் பட்டாசு அம்புட்டையும் காயப் போட்டோம். மழை ஊத்திருச்சு. பொம்பளைக ஓடி ஓடி அள்ளுனாக. பாதி நனைஞ்சு போச்சு.”

“அது சும்மா மாதிரிக்கு இருக்கிறது அண்ணாச்சி. எப்பவும் வெயிலுன்னுதான் சொல்லும்.”

“இருவது நாளா சரியாத்தான சொல்லுச்சு?”

நம்ம ஊரில் சரியாகத்தான் இருந்திருக்கும்.

“சரி, சரக்கு இருப்பு ஒழுங்காச் சொல்லுதா அண்ணாச்சி?”

“அத யாரு கேட்டா? இருப்பு எனக்கே தெரியும். நீங்க வெயில மட்டும் சரி பண்ணிக் குடுங்க.”

மூன்று வார வேலையை அழித்துவிட்டு மாதிரியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.