நாற்காலியில் மாவு மூட்டை

போன வருடம், நோர்வூட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. என் கணவர் அங்கே ஆபீசில் கிளாக்கர். லொறி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனபின், ஆட்கள்தான் அவரைத் தினமும் ஆபீசுக்குத் தூக்கிப் போனார்கள். அதை நினைத்து அவர் மிகவும் குன்றிப்போயிருந்தார். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை, தன் தாயார் பாவித்த சக்கர நாற்காலியை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பேட்டரியில் ஓடுவது. ஆனால் சரிவில் நிற்க நல்ல பிரேக் இல்லை. பெக்டரி மெக்கானிக், அதே பேட்டரியின் மின்சாரத்தில் பிடிக்கும் பிரேக் ஒன்றைப் பொருத்தித் தந்தார். சுவிட்சைப் போட்டால் சக்கரங்களைக் கவ்விக்கொள்ளும்.

வீட்டு வாசல் சரிவிலேயே சோதித்தோம். கணவர் ஆபீஸ் உடுப்போடு பெஞ்சில் காத்திருந்தார். அப்பாவோடு முதல் சவாரி போக, இரண்டு வயது மகளும் புதுக் கவுனில் அவர் மடியில் இருந்தாள். நான்தான் விடவில்லை. முதலில் மாவு மூட்டையை வைத்துப் பாருங்கள் என்றேன்.

"மூட்டைக்கு மாலையும் போட்டுடுவோமா, டீச்சரம்மா?" என்று மெக்கானிக் சிரித்தார். கல்யாணத்துக்கு முன் தோட்டப் பள்ளியில் படிப்பித்ததால் எனக்கு அந்தப் பெயர்.

மூட்டையை வைத்து, சுவிட்சைப் போட்டு, பின்னாலிருந்து தள்ளினார். அசையவில்லை.

"பாத்தீங்களா? மலை நகந்தாலும் இது நகராதுங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்போமே..." என்று இழுத்தேன்.

"ஏம்மா, சாயங்காலம் வரைக்கும் மூட்டைக்குக் காவல் இருக்கப் போறியா?" என்றார் கணவர். அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் என் பயத்தின் மீதே எனக்கு வெறுப்பு வந்தது. சரி, உட்காருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மூட்டையை இறக்க மெக்கானிக் குனிந்த நேரம், மகள் அப்பா மடியை நனைத்துவிட்டாள்.

"இப்பதானா ஒனக்கு நேரம்?" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன். மெக்கானிக் மூட்டையை அப்படியே விட்டுவிட்டு, கணவரை உடுப்பு மாற்ற உள்ளே தூக்கி வந்தார்.

உள்ளே நான் மகளின் ஈரக் கவுனைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் கரகரவென்று சத்தம். ஓடிவந்து பார்த்தால், யாரும் தொடாத நாற்காலி சரிவில் தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது. வளைவில் திரும்பாமல் நேரே போய், கீழே தேயிலைக்குள் குப்புறப் பாய்ந்தது. மூட்டை கிழிந்து, செடிகளெல்லாம் வெள்ளையாகிவிட்டன.

மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். பழைய பேட்டரி தீர்ந்ததும் பிரேக் விட்டுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது கையால் இழுக்கும் இரும்பு பிரேக் போட்டிருக்கிறார். கணவர் தானே ஆபீசுக்குப் போய்வருகிறார்.

"இவ மூட்டைய வைக்கச் சொன்னதாலதான் தப்பிச்சோம்" என்று அவர் எல்லோரிடமும் சொல்கிறார். எனக்கோ, நான் "சரி" என்று சொன்னதுதான் இன்னும் காதில் கேட்கிறது. அவசரமாகக் கிளம்பும் நேரத்தில் மகள் கவுனை நனைத்துக்கொண்டு நின்றால், ஓங்கிய என் கை, வாசல் சரிவைப் பார்த்ததும் தானாகவே இறங்கிவிடுகிறது.