கை இல்லாம அசையாதுங்க

கருவி விக்கிறவன்கிட்ட ஜனங்க கருவியை மட்டும் வாங்கிட்டுப் போயிடறதில்லைங்க, அது ஏன் அப்படி நடந்துக்குதுன்னும் கேப்பாங்க. கடை வச்சி நொந்துபோனவங்களுக்கு இது புரியும். உப்பளம்ங்கற எங்க பேட்டையில என் கடைக்கு வர்ற எல்லாருக்கும் நான் ஒரே பாடம்தான் சொல்லுவேன். எதையும் நெம்பணும்னா மூணு வேணும்: ஊணி நிக்க ஓர் இடம், அசைக்க வேண்டிய பளு, அழுத்த ஒரு கை. செல்போன் அப்பதான் எல்லார் கைக்கும் வந்துகிட்டிருந்த சமயம், இந்தப் பாடத்துக்கே ஒரு சோதனை வந்துச்சு.

பாக்குவெட்டி

மூலக்குளத்துலேர்ந்து ஜெசிந்தா அக்கா வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் அந்தோணி தவக்காலத்துல தவறிட்டாரு, புள்ளைங்க கிடையாது, தனியா இருக்காங்க. பேப்பர்ல சுத்தின பாக்குவெட்டியை என் மேசையில வச்சாங்க. "விடியக்காத்தால கடக்குன்னு சத்தம் கேக்குது தம்பி. போய்ப் பாத்தா பாக்கு ரெண்டா கெடக்குது"ன்னாங்க.

நான் எண்ணெய் விட்டுக்கிட்டே விளக்கினேன். "ஒரு கோடியில ஆணி, நடுவுல பாக்கு, மறு கோடியில கை. ஆணி லொடலொடன்னு இருந்தா சத்தம் வரும்தான். ஆனா கை அழுத்தாம வெட்டவே வெட்டாதுக்கா." அக்கா அதைத் திருப்பிப் பேப்பர்ல சுத்திக்கிட்டு என்னைப் பாத்தாங்க. "அதைத்தான் தம்பி நானும் கேக்க வந்தேன். யாரு கை?"

இடுக்கி

அடுத்த தடவை கூடையில ஒரு இடுக்கி. வேலை பாத்த மில்லு மூடினப்புறம் அந்தோணி இஸ்திரி போட்டுத்தான் பொழச்சாரு. பெட்டிக்குக் கரி அள்ளிப் போடற நீட்டு இடுக்கி அது. "பரண்ல போட்டு வச்சதுப்பா, காலையில தொட்டா சுடுது"ன்னாங்க.

இதுல கை நடுவுல வரும். வளைஞ்ச கோடிதான் ஊணற இடம், முனையில கரி. பலம் ஒண்ணும் அதிகமாகாது, நெருப்பு நம்மளை விட்டுத் தள்ளி இருக்கும், அதுதான் லாபம். "அடுப்புப் பக்கத்துல வச்சிருப்பீங்க"ன்னு சொல்லிக்கிட்டே முனையைத் தொட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு. நடுவுல, விரல் அழுத்தற இடம் மட்டும் வெதுவெதுன்னு இருந்துச்சு. அவங்க கூடையைத்தான் தூக்கிட்டு வந்தாங்க, இடுக்கியைத் தொடவே இல்லை. நான் கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டேன். அக்கா சிரிச்சாங்க. "பயப்படாத தம்பி. அவரு கை எப்பவுமே சூடுதான்."

கடப்பாரை

அப்புறம் வந்தவன் தாமஸ், அந்தோணிக்குத் தம்பி. கடப்பாரை வேணும்னான். "எங்க அண்ணி அடிபம்பு தானா அடிக்குதுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறாண்ணே. பைத்தியம் முத்திப்போச்சு. பம்பைப் புடுங்கிட்டு, ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, வீட்டை வித்துடலாம்னு இருக்கேன்"ன்னான்.

நீளமான கடப்பாரையா எடுத்துக் குடுத்தேன். முட்டுக்கல்லை பம்புக்கு ஒட்டினாப்ல வையி, கைப் பக்கம் நீளம் கூடக்கூட உனக்குச் சுலபம்னும் சொன்னேன். வாய் சும்மா இருந்தாத்தானே! அவன் என் கையைப் புடிச்சிக்கிட்டான். "நீயும் கூட வாண்ணே. தானா அடிக்காதுன்னு அவ மூஞ்சிக்கு நேரா நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு வண்டி வச்சிடுவேன்." நான் போகலைன்னா வேற எவனையாவது கூட்டிட்டுப் போவான். போனேன்.

அடிபம்பு

நல்ல வெயில். அக்கா சமையக்கட்டு வாசப்படியில உக்காந்திருந்தாங்க. பம்பு வாய்க்குக் கீழ காலிக் குடம். தாமஸ் கல்லை வச்சிக் கடப்பாரையைச் சொருகினான். அப்ப பம்போட கைப்பிடி மெதுவா மேல ஏறிச்சு. அவன் எகிறிக் குதிச்சான்.

"ஒண்ணும் இல்லப்பா"ன்னேன். "நடுவுல பின்னு. இந்தப் பக்கம் கைப்பிடி, அந்தப் பக்கம் குழாய்க்குள்ள போற கம்பி. வாஷர் தேஞ்சா கம்பி தன் கனத்துலயே உள்ள எறங்கும், கைப்பிடி தானா ஏறும். எறக்கறதுக்குத்தான் கை வேணும். அது எறங்கினாத்தான் தண்ணி வரும்."

தாமஸ் சிரிச்சான். "கேட்டுக்கிட்டியா அண்ணி? கடைக்காரரே சொல்லிட்டாரு."

அக்கா கைப்பிடியையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அது எறங்கிச்சு. குடத்துல தண்ணி கொட்டிச்சு. ஏறிச்சு, மறுபடி எறங்கிச்சு, அவசரமே இல்லாம. பம்பைச் சுத்தி ஒரு ஆள் இல்லை. தாமஸ் கையிலேர்ந்து கடப்பாரை நழுவி விழுந்துச்சு.

"நீ பாத்தியாண்ணே?"ன்னான்.

நான் வாசப்படியில உக்காந்திருந்த அந்த மனுஷியைப் பாத்தேன். "பாத்தேன். தெருவுல யாரு கேட்டாலும் சொல்லுவேன். உங்க அண்ணிக்குப் புத்தி தெளிவா இருக்குது"ன்னேன். அவன் செருப்பைக்கூட மாட்டாம வெளிய போயிட்டான். அதுக்கப்புறம் வீட்டை விக்கிற பேச்சையே அவன் எடுக்கலைன்னு கேள்விப்பட்டேன்.

அக்கா எழுந்து வந்து, தளும்பற குடத்தை இடுப்புல வச்சாங்க. கைப்பிடி பக்கம் திரும்பி, வெயில்ல வேலை செய்யற புருஷன்கிட்ட சொல்றாப்ல சொன்னாங்க: "நெறஞ்சிடுச்சி. போதும், விடுங்க." அது நின்னுடுச்சு.

இன்னைக்கும் பம்பு வாங்க வர்றவங்களுக்குப் பின்னு, கம்பி, கைப்பிடின்னு எல்லாத்தையும் விளக்கிட்டுத்தான் அனுப்பறேன், கையைப் பத்தி மட்டும் வாயைத் தொறக்கறதில்லைங்க.